இரண்டு காணி நெல்

புத்தேரி (பனமலை வழி)
2-2-1985

அண்ணி அவர்களுக்கு வீரம்மாள் எழுதுவது.

இங்கே நானும் வீட்டுக்காரரும் மாடு கன்றுகளும் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் பாப்பாவும் சுகமாய் இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், கோபம் இருந்தாலும். கோபம் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அது குறுக்கே வந்துகொண்டே இருக்கும்.

சம்பா அறுத்து முடிந்தது. அண்ணனுடைய இரண்டு காணியில் நாற்பத்தெட்டு மூட்டை கண்டது. அறுப்புக் கூலிக்கு அளந்த நெல், உழவு, நடவு, களை, யூரியா எல்லாம் போக நின்றது இருபத்தாறு. வழக்கம்போல் சரிபாதி. உங்கள் பதின்மூன்று மூட்டை என் வீட்டு நடையில் அடுக்கியிருக்கிறது. விழுப்புரம் மண்டியில் இன்றைக்கு மூட்டை நூற்றுப் பத்து. போட்டால் ஆயிரத்து நானூற்று முப்பது ரூபாய். போடவா, வைக்கவா என்று அண்ணனைக் கேட்டு எழுதுங்கள். அவருக்கே எழுதலாம். ஆனால் தாலுகா ஆபீசில் ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் எழுதுகிற மனுஷர் தங்கச்சிக்கு ஒரு கார்டு போட்டதில்லை.

காணும் பொங்கலன்று களத்தில் நின்று அண்ணன் சொன்னதை மறக்கவில்லை. ஏரிக்கு எதிர்க்கரைக் கரும்புக்காரர் சின்னதுரை வருஷத்துக்கு இரண்டாயிரத்து நானூறு தருகிறாராம், ஆறு வருஷக் குத்தகையாம், ஆடிப் பதினெட்டுக்குள் பதில் வேண்டுமாம். "அந்த ரெண்டாயிரத்து நானூற நீ நெல்லுல காட்டு வீரம்மா, நெலம் உங்கிட்டயே இருந்துட்டுப் போவுது" என்றார். காட்டுகிறேனோ இல்லையோ, அது அண்ணன் நிலம், அவர் கேட்கலாம். எனக்கு வலித்தது நீங்கள் சொன்னதுதான். "பதிமூணு மூட்டைக்கு நாலு மாசம் சேத்துல நிக்கணுமா? துட்டக் குட்த்தா கடையில கல்லு இல்லாத அரிசி தர்றான்" என்று, நெல் தூற்றுகிற ஆட்கள் அத்தனை பேரும் கேட்கச் சொன்னீர்கள். பதினாலு வருஷமாய் நான் பயிர் வைக்கிற நிலம் அண்ணி அது.

வீரம்மாள்

திண்டிவனம்
11-2-1985

அன்புள்ள வீரம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நெல்லை இப்போது விற்க வேண்டாம், பங்குனியில் விலை ஏறும் என்று உன் அண்ணன் சொல்கிறார். ஏறும் என்று போன வருஷமும் சொன்னார், அது வேறு விஷயம்.

நான் களத்தில் பேசியதைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆட்கள் எதிரில் பேசியது தப்பு என்றே வைத்துக்கொள். ஆனால் பேசியதில் பொய் என்ன? நீ வந்து எங்கள் வீட்டைப் பார்த்தால் தெரியும். சுவர் எழும்பி இரண்டு வருஷம் ஆகிறது. ஜன்னலுக்கு மரம் வாங்கப் பணமில்லாமல் ஐந்து ஓட்டையிலும் கோணி தொங்குகிறது. பாப்பாவுடன் படிக்கிற பெண்கள் "உங்க வூட்டு ஜன்னல் மூட்டையில வந்துச்சா" என்று கேட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தாள். சின்னதுரை பணம் வந்தால் இரண்டே வருஷத்தில் ஜன்னல், கதவு, தரை எல்லாம் முடியும். உன்மேல் எனக்கு என்ன பகை?

கடை அரிசியில் கல் இல்லை என்று நான் சொன்னது மட்டும் வாய்க்கு வந்ததைச் சொன்னது. கல் இருக்கிறது. கிலோ மூன்று ரூபாய் நாற்பது பைசா கொடுத்து மாதம் முப்பது கிலோ புழுங்கலரிசி வாங்கி, அதில் பாதி நேரம் கல் பொறுக்குகிறேன். இதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கிருஷ்ணவேணி

புத்தேரி
20-2-1985

அண்ணிக்கு,

மூன்று நாற்பதா? இரண்டு தரம் படித்தேன், பிறகு வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரும் மூன்று நாற்பது என்றுதான் படித்தார்.

மறுநாளே மில்லுக்குப் போய்க் கேட்டேன். நல்லபடியாய் அவித்த சம்பா நெல் ஒரு மூட்டைக்கு நாற்பத்தெட்டு கிலோ அரிசி நிற்கும் என்றார் மில்காரர். நாற்பத்தெட்டை மூன்று நாற்பதால் பெருக்குங்கள். நூற்று அறுபத்து மூன்று ரூபாய் வருகிறது. அரைக்கிற கூலி, பஸ் லக்கேஜ் எல்லாம் பன்னிரண்டு ரூபாய் போகட்டும். நூற்றுப் பத்துக்கு மண்டியில் போடுகிற அதே மூட்டை அண்ணி! ஒவ்வொரு மூட்டையிலும் நாற்பது ரூபாயை வழியில் யாரோ வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறார்கள். நாம் நெல்லை விற்றுவிட்டு, நம் அரிசியையே நீங்கள் கடையில் வாங்கிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு வருஷமா, பதினாலு வருஷம்.

கோபத்தில் ஒரு மூட்டையை எடுத்து ஊறப்போட்டேன். சாயங்காலம் ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து, அண்டாவில் நெல் வாய் வெடிக்கிற வரை அவித்து, களத்தில் இரண்டு வெயில் காயவைத்தால் தீர்ந்தது. எங்கள் சாப்பாட்டுக்கு எப்போதும் செய்வதுதான். சின்னபொண்ணு கூடமாட இருந்தாள். நடவு, களைக்கு எனக்கு அவள்தான் வலதுகை என்பது உங்களுக்குத் தெரியும். பத்து கிலோ அரிசி இத்துடன் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். தின்று பார்த்துவிட்டு, கல் கிடைத்தால் எழுதுங்கள்.

ஜன்னல் விஷயம் எனக்குத் தெரியாது. பாப்பாவை அப்படிக் கேட்ட பெண் யாரென்று சொல்லுங்கள், நான் வருகிறபோது பேசிக்கொள்கிறேன்.

வீரம்மாள்

திண்டிவனம்
9-3-1985

அன்புள்ள வீரம்மாளுக்கு,

கல் கிடைக்கவில்லை. தேடினேன்.

உன் அண்ணன் முதல் நாளே மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டார். மறுநாள் பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு கரண்டி வாங்கிப் போனார். அதற்கு மறுநாள் டீச்சரின் மாமியார் வந்து, "எங்க வாங்கினீங்க, எனக்கும் ஒரு பத்து கிலோ சொல்லுங்க" என்றார். இப்போது எங்கள் தெருவில் ஒன்பது வீடு கேட்கிறது.

அரிசி விற்பது எனக்குக் கூச்சமாய்த்தான் இருந்தது. தாலுகா ஆபீஸ் கிளார்க் வீட்டில் தராசு தொங்குவதா என்று உன் அண்ணன் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஆபீஸ் சூப்பிரண்டே இருபது கிலோ சொல்லி அனுப்பியதும் முகம் தானாக இறங்கிவிட்டது. ஆகவே உன்னுடையது எங்களுடையது என்று பார்க்காமல் எல்லா நெல்லையும் அரிசியாக்கி மாதம் நான்கு மூட்டை வீதம் அனுப்பு. கடை விலைதான் வைக்கப்போகிறேன், ஒரு பைசா குறைக்க மாட்டேன். கல் இல்லாததற்கு அவர்கள்தான் கூடக் கொடுக்க வேண்டும்.

பத்து கிலோ வந்த பையைத் தைத்த கயிறு இற்றுப்போயிருந்தது. கண்டக்டர் இறக்கித் தருவதற்குள் ஒரு படி ரோட்டில் கொட்டிவிட்டது. கயிற்றில் சிக்கனம் பார்க்காதே.

கிருஷ்ணவேணி

புத்தேரி
18-4-1985

அண்ணிக்கு,

கார்டில் இடம் இல்லை, அதனால் கோபப்பட இடமில்லை. நாளை நான்கு மூட்டை நெல்லின் அரிசி, புதுக் கயிறு. தவிட்டைத் தின்று பசு இரண்டு வேளையும் கூட அரைப்படி கறக்கிறது. உமி அடுப்புக்கு ஆயிற்று. வெயில் தீயாய் அடிக்கிறது, நெல் ஒரே நாளில் காய்கிறது. களத்தில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே நடக்கையில் எனக்கு ரொம்ப சந்தோஷமாய் இருக்கிறது என்று சின்னபொண்ணிடம் சொன்னேன். "உனக்கு வெயிலு தலைக்கி ஏறிக்கிச்சி" என்றாள். வைகாசியில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. பாப்பாவை அனுப்புங்கள்.

வீரம்மாள்

திண்டிவனம்
10-6-1985

வீரம்மாளுக்கு,

நலம் கேட்கப் பொறுமை இல்லை. இந்த முறை நீ அனுப்பிய அரிசியை நீ மூக்கில் வைத்துப் பார்த்தாயா?

உலை கொதிக்கும்போதே வீடு முழுக்க ஊறல் வாடை. பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். இது என் வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் வழக்கம்போல் பதினோரு வீட்டுக்கு அளந்து கொடுத்து, பணமும் வாங்கி முடித்திருந்தேன். நேற்று ஒவ்வொருவராய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டீச்சரின் மாமியார் வாசலில் நின்று, "மாட்டுக்கு வச்சேம்மா, அதுவும் மொகத்த திருப்பிக்கினு போச்சி" என்றார். சூப்பிரண்டு வீட்டிலிருந்து ஆபீஸ் பியூனிடம் பையைக் கொடுத்தனுப்பினார்கள். உன் அண்ணன் அதை ஆபீசிலிருந்து தோளில் சுமந்துகொண்டு வந்தார், இறக்கிவைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாய் இருந்திருக்கும்.

நூற்றுத் தொண்ணூறு கிலோ என் கூடத்தில் கிடக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சின்னதுரை ஆள் போன வாரம் மறுபடி வந்து போனார். எப்படி இது நடந்தது என்று எழுது. மறைக்காமல் எழுது.

கிருஷ்ணவேணி

புத்தேரி
15-6-1985

அண்ணிக்கு,

மறைத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் தீமிதிக்குக் கொடி ஏறிவிட்டால், தீ மிதித்து முடிகிற வரை மூன்று நாளும் யாரும் நெல் அவிக்கக் கூடாது. குழிக்கு நெருப்பு வைக்கும் முன்னால் வேறு யாரும் பெரிய அடுப்பு மூட்டக் கூடாது என்பார்கள். சோறு பொங்கலாம், அண்டா ஏற்றக் கூடாது. வெள்ளிக்கிழமை கொடி என்று சொல்லியிருந்தார்கள். வியாழன் காலையில் அவித்துவிடலாம் என்று புதன் சாயங்காலம் நான்கு மூட்டையை ஊறப்போட்டேன். கூத்துக்காரர்களுக்கு வேறு ஊரில் தேதி இருக்கிறதென்று வியாழன் விடியற்காலையே கொடி ஏற்றிவிட்டார்கள். மேளச்சத்தம் கேட்டு நான் வாசலுக்கு ஓடினேன். தொட்டியில் நெல் ஊறிக்கொண்டிருக்கிறது, அண்டாவுக்குக் கீழே விறகு அடுக்கியிருக்கிறது.

தொட்டித் தண்ணீரை ஆறு தடவை மாற்றினேன். வைகாசி வெயிலில் எத்தனை மாற்றினாலும் என்ன? மூன்றாம் நாள் தொட்டி நுரைத்துப்போயிற்று. வீட்டுக்காரர் "எடுத்துக் குப்பையில கொட்டு, அண்ணிக்கு எழுதிப்புடு" என்றார். நான்தான் கேட்கவில்லை. நான்கு மூட்டை அண்ணி! இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் வாடை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரைத்து முடித்ததும் மோந்து பார்த்தேன். தெரிந்தது. தெரிந்தேதான் அனுப்பினேன். ஆடிக்குள் அந்த இரண்டாயிரத்து நானூறு வந்தாக வேண்டும் என்ற ஒரே நினைப்பில் கண் மூடிவிட்டது.

என்னால் உங்களுக்குத் தெருவில் தலைகுனிவு. அண்ணன் தோளில் அந்தப் பையைச் சுமந்ததை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அரிசியைத் திருப்பி அனுப்புங்கள், லக்கேஜ் நான் கட்டுகிறேன். அந்த நான்கு மூட்டையும் என் பங்கில் கழியட்டும். நிலத்தைச் சின்னதுரைக்குக் கொடுக்கிறதென்றாலும் இனி நான் வாய் திறக்க மாட்டேன்.

வீரம்மாள்

திண்டிவனம்
24-6-1985

அன்புள்ள வீரம்மாளுக்கு,

அரிசியைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. விற்றுவிட்டேன். நீ இதைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொள், சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அரிசியைப் பார்த்து. அதில் ஒரு கிலோ எடுத்து உளுந்து போட்டு ஆட்டிப் பார்த்தேன். ஒரு ராத்திரி புளித்ததும் அந்த வாடை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. இட்லி பூப்போல வந்தது. மறுநாள் நான்கு இட்லியைத் தூக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு ஓரம் இட்லிக்கடை வைத்திருக்கிற சவுரியம்மாளிடம் போனேன். சோற்றுக்கு ஆகாத அரிசி, மூன்று நாள் ஊறிவிட்டது, பார்த்து விலை சொல்லுங்கள் என்று உள்ளதைச் சொன்னேன். இட்லியைப் பிட்டுத் தின்றுவிட்டு, மூக்கையும் அரிசியில் விட்டுப் பார்த்தார். "புளிக்கப்போற மாவுக்கு வாடை இன்னா வாடை? ரெண்டே முக்காலுன்னு போட்டுக்குறேன். ஆனா மாசாமாசம் எனக்கு நல்ல அரிசி மூணு மூட்டை வரணும்" என்றார். கிலோவுக்கு அறுபத்தைந்து பைசா நஷ்டம். மொத்தம் நூற்றிருபத்தைந்து ரூபாய். அதை உன் பங்கில் மட்டும் கழிக்க மாட்டேன், பாதி என்னுடையது. முகர்ந்து பார்க்காமல் அளந்து கொடுத்த மூக்கு என் மூக்கு.

பதினோரு வீட்டுக்கும் நானே நேரில் போய்ப் பணத்தைத் திருப்பினேன். தீமிதிக் கதையைச் சொன்னதும் டீச்சரின் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மன் காரியம், சும்மாவா" என்று அடுத்த மாதத்துக்குப் பதினைந்து கிலோ சொல்லிவிட்டார்.

இன்னொன்று. நான் களத்தில் பேசியது தப்பு. "வைத்துக்கொள்" எல்லாம் இல்லை, தப்புதான். நெல் அவிக்கிற வேலை என்னவென்று தெரியாமல் பேசினேன். நீ இவ்வளவு திறந்து எழுதிய பிறகு நான் மென்று முழுங்குவது நியாயமில்லை.

கிருஷ்ணவேணி

திண்டிவனம்
16-7-1985

அன்புள்ள வீரம்மாளுக்கு,

இதை எழுத மூன்று நாளாய்த் தள்ளிப்போட்டேன். உன் அண்ணன் சொல்லி எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவருடைய பதின்மூன்று மூட்டைக்கு மண்டி விலை ஆயிரத்து நானூற்று முப்பது. அரிசியாக்கினால் இருபத்தாறு மூட்டைக்கும் மூட்டைக்கு நாற்பது வீதம் ஆயிரத்து நாற்பது. இரண்டையும் கூட்டினார். இரண்டாயிரத்து நானூற்று எழுபது. "பாத்தியா, சின்னதுரைக்கு மேல எழுவது ரூவா!" என்று சந்தோஷமாய்க் காபி கேட்டார். எல்லாம் தன் நிலத்து நெல்தானே, அதனால் இனி வருஷாவருஷம் அரிசியில் வருகிற லாபம் முழுக்கத் தனக்கு வர வேண்டுமாம். உனக்குப் பதின்மூன்று மூட்டைக்கு மண்டி விலை எப்போதும்போல். சம்மதம் என்றால் சின்னதுரைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாராம். நிலம் உன்னிடமே இருக்கும்.

நீ இந்த நாளுக்காகத்தான் ஐந்து மாதம் வெந்தாய் என்று தெரியும். சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனாலும் காபி ஆற்றுகையில் அந்தக் கணக்கில் ஏதோ விட்டுப்போனதாய் எனக்குத் தோன்றியது.

கிருஷ்ணவேணி

புத்தேரி
21-7-1985

அண்ணிக்கு,

சம்மதம் இல்லை.

வீட்டுக்காரர் இந்தக் கடிதத்தைப் போட வேண்டாம் என்று இரண்டு நாள் பிடித்துவைத்தார். நிலத்தைக் கையில் கொடுக்கிறபோது வேண்டாமென்று சொல்ல உனக்குப் பைத்தியமா என்றார். இருக்கலாம். ஆனால் நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நான்கு மூட்டை நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, மில்லுக்குத் தூக்கி, பஸ்ஸில் ஏற்ற எனக்கும் சின்னபொண்ணுக்கும் ஐந்து நாள். சின்னபொண்ணுக்கு நாள் கூலி கொடுத்தேன், அது என் பணம், அண்ணன் கணக்கில் வரவில்லை. எனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. அங்கே நீங்கள் அளந்து, சுமந்து, தெருவெல்லாம் நடந்தது எந்தக் கணக்கில் வந்தது?

அந்த நாற்பது ரூபாயை நிலம் கொடுக்கவில்லை அண்ணி. நிலம் கொடுத்தது நூற்றுப் பத்து. மிச்சம் என் இடுப்பும் உங்கள் காலும் கொடுத்தது. அண்ணனுடைய பங்கு ஆயிரத்து நானூற்று முப்பதுதான், நெல்லுக்கு அதுதான் முடியும். அவருக்கு இரண்டாயிரத்து நானூறு வேண்டுமென்றால் சின்னதுரைக்குக் கொடுக்கட்டும். நான் அக்கம்பக்கத்தில் நெல் வாங்கி அவித்து அனுப்புகிறேன். நமக்கு நாற்பது ரூபாய் அதிலும் வரும், யார் நிலமாய் இருந்தால் என்ன?

யார் நிலமாய் இருந்தால் என்ன என்று எழுதிவிட்டேன், ஆனால் அது பொய். எனக்கு அந்த நிலம் வேண்டும். கீழ்க்காணியில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எங்கே பயிர் சோர்ந்துபோகும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். அங்கே கரும்பு நிற்பதைப் பார்க்க முடியாமல் சுற்றிக்கொண்டு போவேன், அது நிச்சயம். ஆனால் என் வேலையை அண்ணன் நிலத்தின் விளைச்சல் என்று நானே எழுதிக்கொடுத்தால், பிறகு பாப்பா முகத்தைக்கூட நேராய்ப் பார்க்க மாட்டேன். அண்ணனிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

வீரம்மாள்

திண்டிவனம்
30-7-1985

என் வீரம்மாளுக்கு,

படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை.

முதலில் "வூட்டு ஆளுக்கு ஏதுடி கூலி?" என்றார். "அப்போ எனக்கும் இல்லையா?" என்று கேட்டேன். எழுந்து குளிக்கப் போய்விட்டார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வந்து, "அவ சொல்றது ஞாயந்தான். ஆனா ஜன்னலுக்கு நான் எங்க போவேன், நீயே சொல்லு" என்றார். அது கோபத்தில் சொன்னதில்லை, பாவம். அவர் கஷ்டமும் பொய்யில்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சின்னதுரை பணம் மட்டும்தான் பணமா? இரண்டாயிரத்து நானூறும் நானே தருகிறேன், நிலத்தை எனக்குக் குத்தகைக்கு விடுங்கள் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் அம்மா கொடுத்த பணத்தில் நான் கட்டிவந்த சீட்டை எடுத்து, அறுநூறு ரூபாயை எண்ணி மேஜைமேல் வைத்தேன். அட்வான்ஸ்.

கணக்கைக் கேள். உன் இருபத்தாறு மூட்டையை அரிசியாக்கினால் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். குத்தகை போக ஆயிரத்து ஐந்நூறு நிற்கும். அதோடு நீ சொன்னபடி அக்கம்பக்கத்தில் நாற்பது மூட்டை நெல் வாங்கினால் ஆயிரத்து அறுநூறு. சவுரியம்மாளும் தெருவும் அத்தனையும் வாங்கிக்கொள்வார்கள். சின்னபொண்ணின் கூலியை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் சரிபாதி. உனக்கு முன்பு வந்ததற்குக் கொஞ்சம்தான் முன்னே பின்னே. வேலை கூடுதல். பெரிய லாபம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நிலம் ஆறு வருஷம் நம்முடையது, உன் இடுப்பும் என் காலும் கணக்கில் இருக்கும்.

வெள்ளைத்தாளில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷமாய் ஊருக்கெல்லாம் பட்டா எழுதினவர், சொந்தப் பெண்டாட்டிக்குக் குத்தகைச் சீட்டு எழுதுகையில் கை ஓடவில்லை. டீச்சர் வீட்டில் சாட்சிக் கையெழுத்து வாங்கினேன், தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒரு ஷரத்து நான் சொல்லிச் சேர்த்தேன். ஏரி நிரம்பாத வருஷத்துக்குக் குத்தகை இல்லை. "சின்னதுரை இதெல்லாம் கேக்கமாட்டான்" என்றார். "சின்னதுரைக்கு மோட்டார் இருக்குது, எங்களுக்கு ஏரிதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, தானே எழுதினார். சீட்டின் நகல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

கிருஷ்ணவேணி

புத்தேரி
6-8-1985

அண்ணிக்கு,

சீட்டை வீட்டுக்காரர் படித்தார், நான் படித்தேன், பிறகு சின்னபொண்ணுக்குப் படித்துக் காட்டினேன். தன் பெயர் அதில் இல்லையே என்று கேட்டாள். கூலி முதலில் எடுத்துவைப்பது உங்கள் கடிதத்தில் இருக்கிறது என்று அதையும் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தானே வந்தார். சின்னதுரையை ஏரிக்கரையில் பார்த்து, நிலம் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று சொன்னார். "யாருக்குக் குட்த்த? எவ்ளோக்கி?" என்று அவர் கேட்க, "என் ஊட்டுக்காரிக்கு, அதே ரேட்டு" என்றார் அண்ணன். சின்னதுரைக்கு வாய் மூட வெகுநேரம் ஆயிற்று. அண்ணன் கரையிலிருந்து வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தார். சாப்பிடும்போது, "உங்க அண்ணி ரெண்டாம் தவணைய எப்போ தருவான்னு கேட்டு எழுது, நான் கேட்டா அதட்டறா" என்றார். கேட்டுவிட்டேன்.

ஆடி மழை இரண்டு பெய்தது. ஏரிக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியிருக்கிறது. நாற்றங்காலில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டிவிட்டோம். நடவு புரட்டாசி முதல் வாரம் இருக்கும். குத்தகைக்காரி நிலத்தைப் பார்க்காமல் இருந்தால் நன்றாய் இராது, அப்போது வந்துவிடுங்கள்.

சீட்டில் எல்லாம் படித்தேன், ஏரி நிரம்பாத வருஷம் என்ற அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஏரி வறண்டு, பயிர் கதிர் வாங்காமலே காய்ந்தது நினைவிருக்கிறதா? அந்த வருஷம் நிலத்தில் ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. அண்ணன் அப்போதுதான் வீட்டுக்குக் கடைக்கால் போட்டிருந்தார். நிலம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொன்னால் என் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்து, என் கிடேரியை விற்று ஏழு மூட்டைக்குப் பணம் அனுப்பினேன். விளைச்சல் பணம் என்று எழுதினேன். அண்ணன் அந்தப் பணத்தில்தான் கடைக்கால் முடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் வானத்தைப் பார்க்கிறபோது மழைக்காகப் பார்க்கிறேனா, மறுபடி மாட்டை விற்க வேண்டியிருக்குமா என்று பார்க்கிறேனா என்று எனக்கே தெரியாது.

இந்த வருஷம்தான் சும்மா வானத்தைப் பார்க்கிறேன். அண்ணனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

வீரம்மாள்